பாதையின் மைந்தர்கள்

மதரஸாவில் ஒரு நாள் ஜகாத்தின் சட்டங்களைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜகாத் பெறுவதற்கு உரிமையுடைய எட்டு வகையினரைத் திருமறை வரிசைப்படுத்திக் கூறுகிறது. ஏழைகள், வறியவர்கள், கடன்பட்டவர்கள் என்று செல்லும் அந்த வரிசையில் இறுதியாக இடம் பெறுபவர் 'இப்னுஸ் ஸபீல்'. வழிப்போக்கர் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். சொல்லுக்குச் சொல் பொருள் கூறினால் 'பாதையின் மகன்' என்று வரும். வீட்டை விட்டு வெளியேறி, தாயும் தந்தையும் சுற்றமும் அருகில் இல்லாத நிலையில், பாதையையே தன் தாயாகக் கொண்டுவிட்டவன் அவன். எத்துணை பொருள் பொதிந்த பெயர்!

நான் இதை விளக்கி முடித்ததும் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஹஜ்ரத், இந்தக் காலத்தில் வழிப்போக்கர் என்று யார் இருக்கிறார்கள்? பணம் உள்ளவர்கள் காரில் போகிறார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் போகிறார்கள். நாலு வழிச் சாலையில் நாலு மணி நேரத்தில் ஊர் வந்துவிடுகிறது. பாதையின் மகன் எங்கே இருக்கிறான்?" என்று கேட்டான்.

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானதுதான். சட்ட நூல்களில் உள்ள விடையை அன்று அவனுக்குச் சொன்னேன். தன் ஊரில் செல்வம் உடையவனாயினும், வழியில் கைப்பொருள் இழந்து தவிப்பவன் எவனோ அவனே இப்னுஸ் ஸபீல் என்றேன். எனினும் அவனுடைய கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அதற்கு நிறைவான விடையைப் பின்னர் எனக்குத் தந்தது ஒரு சாலையின் வரலாறு. அந்தச் சாலை கிராண்ட் டிரங்க் ரோடு. அதிலும் குறிப்பாக லாகூரிலிருந்து பெஷாவர் வரை செல்லும் பகுதி. வாகனங்கள் விரைந்தோடும் புதிய மோட்டார் பாதை ஒன்று வந்த பிறகு, தொலைதூரப் பயணிகளால் பெரிதும் கைவிடப்பட்ட பகுதி அது.

நெடுஞ்சாலையின் முன்னோர்

கிராண்ட் டிரங்க் ரோடு என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். பாகிஸ்தானில் மக்கள் அதைச் சுருக்கமாக 'ஜி.டி. ரோடு' என்பர். வங்காளத்தில் தொடங்கி, வாரணாசி, டில்லி, அமிர்தசரஸ், லாகூர், ராவல்பிண்டி, பெஷாவர் வழியாகக் கைபர் கணவாயைக் கடந்து காபூல் வரை நீளும் அந்தப் பெருவழியின் நீளம் 2,500 கிலோ மீட்டருக்கும் அதிகம்.

இந்தச் சாலையை ஒருவரே உண்டாக்கினார் என்று கூறுவது பொருந்தாது. ஆறுகளை ஆழம் குறைந்த இடத்தில் கடந்து, மலைகளைக் கணவாயில் கடந்து, மனிதனின் கால்களே முதலில் அந்தத் தடத்தை வகுத்தன. மௌரியர் காலத்திலேயே அது 'உத்தரபதம்' என்னும் வடபெருவழியாக விளங்கியது. வழியோரங்களில் ஆலமரங்களை நடச் செய்ததையும், கிணறுகளை வெட்டச் செய்ததையும் பேரரசர் அசோகர் தம் கல்வெட்டுகளில் பதித்துச் சென்றுள்ளார்.

டில்லி சுல்தான்கள் காலத்தில் இந்நாட்டுப் பாதைகள் எப்படி இருந்தன என்பதற்கு உலகம் சுற்றிய இப்னு பதூதா சாட்சி. 1333-இல் சிந்து நதிக் கரையை அடைந்த அவர், இங்கிருந்த அஞ்சல் முறையைக் கண்டு வியந்தார். மைலுக்கு மூன்று இடங்களில் அஞ்சல் ஓட்டக்காரர்கள் காத்திருப்பார்கள். ஓடி வருபவனின் கையிலுள்ள கோலில் செம்பு மணிகள் கட்டப்பட்டிருக்கும். மணியோசை கேட்டவுடன் அடுத்தவன் ஆயத்தமாகி நிற்பான். டில்லியிலிருந்து தௌலதாபாத் செல்லும் வழி முழுவதும் இருமருங்கும் மரங்கள் நின்றதையும், அவ்வழி 'மஅபர்' என்று அரபியர் அழைத்த நம் தமிழகம் வரை தொடர்ந்ததையும் அவர் எழுதியுள்ளார். பின்னாளில் மதுரைக்கும் அவர் வந்தார் என்பதை நாம் அறிவோம்.

ஐந்தாண்டு ஆட்சி

ஆயினும் அந்த வடபெருவழியோடு என்றும் நீங்காமல் ஒட்டிக்கொண்ட பெயர் ஷேர் ஷா சூரியின் பெயரேயாகும்.

பீகாரில் உள்ள சசாராமில் ஒரு சிறிய ஜாகிர்தாரின் மகனாக வளர்ந்தவர் ஃபரீத் கான். புலியைக் கொன்றமையால் 'ஷேர் கான்' என்னும் பட்டம் பெற்றவர். 1539-இல் சௌசாவிலும், 1540-இல் கன்னோஜியிலும் ஹுமாயூனைத் தோற்கடித்து டில்லியின் அரியணை ஏறினார். 1545-இல் காலிஞ்சர் கோட்டை முற்றுகையின்போது வெடிமருந்து வெடித்து உயிர் நீத்தார். அவருடைய ஆட்சி ஐந்தே ஆண்டுகள்! ஒரு பாலத்திற்கு அடிக்கல் நாட்டித் திறப்பு விழா நடத்துவதற்கே இன்று சில ஆட்சிகளுக்கு ஐந்தாண்டு போதுவதில்லை.

அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்ததை அக்பர் காலத்தில் எழுதிய அப்பாஸ் கான் சர்வானி என்னும் வரலாற்றாசிரியர் விரிவாகப் பதிவு செய்துள்ளார். பஞ்சாபின் ரோதாஸ் கோட்டையிலிருந்து வங்காளத்தின் சோனார்கான் வரை ஒரு பெருஞ்சாலை. ஆக்ராவிலிருந்து புர்ஹான்பூருக்கு ஒன்று. ஆக்ராவிலிருந்து ஜோத்பூர், சித்தூர் நோக்கி ஒன்று. லாகூரிலிருந்து முல்தானுக்கு ஒன்று. இச்சாலைகளில் இரண்டு குரோசத்திற்கு ஒரு சராய், அதாவது பயணிகள் தங்கும் விடுதி. ஒரு குரோசம் என்பது ஏறக்குறைய மூன்று கிலோ மீட்டர். மொத்தம் 1,700 சராய்கள் என்று சர்வானி கணக்குத் தருகிறார்.

அந்தச் சராய்கள் எப்படி இருந்தன? முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனித் தங்குமிடங்கள் இருந்தன. இந்துப் பயணிகளுக்கு உணவும் நீரும் படுக்கையும் கொடுப்பதற்கு அந்தணர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். நடுவே ஒரு கிணறும், சுட்ட செங்கல்லால் கட்டிய பள்ளிவாசலும் இருந்தன. அதற்கு ஓர் இமாம். பாங்கு சொல்ல ஒரு மோதினார். காவலர்கள் உண்டு. இவர்கள் அனைவரின் செலவுக்கும் அருகிலேயே நிலம் மானியமாக ஒதுக்கப்பட்டிருந்தது. செய்தி கொண்டு செல்ல ஒவ்வொரு சராயிலும் இரண்டு குதிரைகள் நின்றன. சாலையின் இருபுறமும் கனி தரும் மரங்கள் நடப்பட்டன. வெயிலில் நடந்து வருபவன் நிழலிலேயே நடந்து செல்ல வேண்டும் என்பது நோக்கம்.

இரண்டு குரோசம் என்னும் அளவைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். குதிரையில் செல்பவனுக்கு ஆறு கிலோ மீட்டருக்கு ஒரு விடுதி தேவையில்லை. பல்லக்கில் செல்லும் பிரபுவுக்கும் தேவையில்லை. குழந்தையை இடுப்பில் சுமந்து நடக்கும் தாய்க்கும், தலைச்சுமைக்காரனுக்கும், நோயாளிக்கும், முதியவனுக்குமே அது தேவை. எனவே அந்தச் சாலை யாருடைய கால்களைக் கொண்டு அளக்கப்பட்டது என்பது விளங்குகிறது. மிகவும் மெலிந்தவனின் கால்களைக் கொண்டு அளக்கப்பட்ட சாலை அது!

பாதுகாப்பும் அவ்வாறே. ஓர் ஊரின் எல்லைக்குள் வழிப்பறி நடந்து, திருடன் அகப்படாவிட்டால், அவ்வூர்த் தலைவர்களே பொறுப்பேற்க வேண்டும் என்பது ஷேர் ஷாவின் சட்டம். தள்ளாத கிழவி ஒருத்தி பொன் நகைகள் நிறைந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அச்சமின்றிப் பயணம் செய்யலாம் என்னும் கருத்தில் சர்வானி எழுதுகிறார். புகழுரையில் சிறிது மிகை இருக்கலாம். ஆயினும் ஓர் ஆட்சியின் சிறப்பை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் எது என்பதைக் கவனியுங்கள். படைபலம் அன்று, பாதையில் நடக்கும் ஒரு கிழவியின் அச்சமின்மை!

உண்மையை மறைக்காமல் கூறுவதாயின், ஷேர் ஷாவின் சாலை படை செல்வதற்கும் பயன்பட்டது. தமக்குப் பணிய மறுத்த கக்கர் இனத்தாரை அடக்குவதற்கும், ஹுமாயூன் திரும்பி வராமல் தடுப்பதற்கும் ஜீலம் நகருக்கு அருகே அவர் எழுப்பிய ரோதாஸ் கோட்டை இன்றும் ஓங்கி நிற்கிறது. 1997-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோட்டை பார்வையாளர்களுக்குரிய காட்சிப் பொருளாகிவிட்டது. சாலையோ இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

அரண்மனைப் பெண்களின் அறம்

ஷேர் ஷாவுக்குப் பின் வந்த முகலாயர்கள் அவருடைய பகைவரின் வழித்தோன்றல்கள். எனினும் அவர் தொடங்கிய நற்பணியை அவர்கள் அழித்துவிடவில்லை, வளர்த்தார்கள். ஆக்ராவிலிருந்து லாகூர் வரை குரோசத்திற்கு ஒரு தூணும், மூன்று குரோசத்திற்கு ஒரு கிணறும் அமைக்கும்படி 1619-இல் ஜஹாங்கீர் ஆணையிட்டார். 'கோஸ் மினார்' எனப்படும் அத்தூண்களில் பல இன்றும் ஹரியானாவின் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. லாகூரிலும் எஞ்சியவை உண்டு. தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலேயர் கால்நடையாகவே இந்நாட்டுக்கு வந்து, 1615-இல் லாகூரிலிருந்து ஆக்ரா வரை மர நிழலில் நடந்ததை வியந்து எழுதினார்.

இங்கே நம் சகோதரிகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாக்தாத்தின் கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையார், ஹஜ்ஜுப் பயணிகளுக்காகக் கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாதையில் குளங்களும் கிணறுகளும் அமைத்தார். அப்பாதையே 'தர்பு ஜுபைதா' என்று அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய அடிச்சுவட்டில் இந்தப் பெருவழியிலும் பெண்மணிகள் அறம் செய்தனர். ஜலந்தருக்கு அருகே நூர் ஜஹான் எழுப்பிய சராயின் அழகிய வாயில் இன்றும் நிற்கிறது. அந்த ஊருக்கே நூர் மஹல் என்று பெயர். பெஷாவரில் கோர் கத்ரி என்னுமிடத்தில் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் ஒரு பெரும் சராயையும் பள்ளிவாசலையும் அமைத்தார். திரைக்குப் பின்னே வாழ்ந்த அரசிகள், தம் கண்ணால் ஒருபோதும் காணப்போகாத வழிப்போக்கர்களுக்காகத் தம் செல்வத்தைச் செலவிட்டனர்.

ஊர்ப் பெயர்களும் இவ்வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன. ஜீலம் ஆற்றின் கரையில் உள்ள ஓர் ஊர் சராய் ஆலம்கீர். ராவல்பிண்டிக்கு அருகிலுள்ள ரவாத் என்னும் ஊரின் பெயர், பயணிகளும் வீரர்களும் தங்கும் இடத்தைக் குறிக்கும் 'ரிபாத்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

தளபதியின் சாலை

1849-இல் பஞ்சாபைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், இச்சாலையைப் பெஷாவர் வரை நேராக்கி, கல் பரப்பி, பாலங்கள் அமைத்தனர். எல்லைக்குப் படையையும் பீரங்கியையும் விரைந்து கொண்டு செல்வதே அவர்களுடைய முதல் நோக்கம். பஞ்சாபிகள் அதற்கு 'ஜர்னைலி சடக்' என்று பெயரிட்டனர். ஜெனரலின் சாலை என்பது பொருள். 1883-இல் அட்டக்கில் சிந்து நதியின் குறுக்கே மேலே ரயிலும் கீழே வண்டிகளும் செல்லும் இரட்டை அடுக்குப் பாலம் திறக்கப்பட்டது. ரயில் வந்ததும் சராய்கள் வெறிச்சோடின. ஆறு கிலோ மீட்டருக்கு ஒருமுறை தங்குபவர் யார்? செங்கற்கள் சரிந்தன, கிணறுகள் தூர்ந்தன.

பின்னர் 1947 வந்தது. இந்தச் சாலை அதன் நெடிய வாழ்வில் காணாத துயரத்தைக் கண்டது. லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் நடுவே எல்லைக் கோடு விழுந்தது. மாட்டு வண்டிகளிலும் கால்நடையாகவும் முஸ்லிம்கள் மேற்கு நோக்கியும், இந்துக்களும் சீக்கியர்களும் கிழக்கு நோக்கியும் ஒரே சாலையில் எதிரெதிராகச் சென்றனர். நேற்று வரை நிலமும் வீடும் உடையவர்களாயிருந்தோர் ஒரே இரவில் பாதையின் மைந்தர் ஆயினர். எத்தனையோ பேர் அப்பாதையிலேயே மடிந்தனர். வாகாவில் இடப்பட்ட இரும்பு வாயில், பெருவழியை இரண்டாகத் துண்டித்து நிற்கிறது.

வேலியிட்ட புதிய பாதை

விடுதலைக்குப் பின் லாகூர்-ராவல்பிண்டிச் சாலை மேலும் மேலும் நெரிசலுற்றது. கமோக்கி, குஜ்ரன்வாலா, வஸீராபாத், குஜராத், லாலா மூஸா, காரியான், ஜீலம், தீனா, குஜர் கான் என்று ஊருக்குப் பின் ஊராக அது கடைவீதிகளைத் துளைத்துச் செல்கிறது. லாரி, பஸ், டிராக்டர், குதிரை வண்டி, சைக்கிள், பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகள் எல்லாருக்கும் அது ஒன்றே வழியாயிருந்தது.

இந்நெரிசலைத் தவிர்க்க 1992-இல் புதிய மோட்டார் பாதையின் பணி தொடங்கியது. தென்கொரியாவின் தேவூ நிறுவனம் அதை அமைத்தது. எம்-2 எனப்படும் லாகூர்-இஸ்லாமாபாத் மோட்டார் பாதை 1997 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆறு தடங்கள்; கார்களுக்கு மணிக்கு 120 கிலோ மீட்டர் வேகம்; இருமருங்கும் வேலி; குறித்த இடங்களில் மட்டுமே நுழையவும் வெளியேறவும் முடியும்; நுழைவோர் கட்டணம் செலுத்த வேண்டும்.

வியப்பு யாதெனில், புதிய பாதை பழையதைவிட நீளமானது. லாகூரிலிருந்து ராவல்பிண்டிக்குப் பழைய சாலையில் ஏறக்குறைய 280 கிலோ மீட்டர். மோட்டார் பாதையில் ஏறக்குறைய 370. அது பழைய ஊர்களை விட்டு விலகி, மேற்கே ஷேகுபுரா, பிண்டி பட்டியான், பேரா, கல்லர் கஹார், சக்வால் என்று வளைந்து செல்கிறது. பின்தங்கிய அப்பகுதிகளுக்கும் சாலை வசதி கிட்டியது. தூரம் கூடினாலும் தடங்கலும் களைப்பும் குறைவாதலின், கார் உடையோரும் சொகுசு பஸ்களும் புதிய பாதைக்கு மாறினர். 2007-இல் இஸ்லாமாபாத்திலிருந்து பெஷாவருக்கு 155 கிலோ மீட்டர் நீளமுள்ள எம்-1 மோட்டார் பாதையும் திறக்கப்பட்டது. 2020-இல் லாகூரிலிருந்து சியால்கோட்டுக்கும் ஒன்று வந்தது.

புதியதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அதன் ஓய்விடங்களில் பள்ளிவாசல் உண்டு, உணவகம் உண்டு. அங்கே பணி புரியும் தனிக் காவல் பிரிவினர் நேர்மைக்குப் பெயர் பெற்றவர்கள். எனினும் வேகத்திற்கும் ஒரு விலை உண்டு. கல்லர் கஹார் அருகே உப்பு மலைத்தொடரின் சரிவில் பாதை இறங்கும் இடம் ஆபத்தானது. 2011 செப்டம்பரில் சுற்றுலா முடித்துத் திரும்பிய பைசலாபாத் பள்ளி மாணவர்களின் பஸ் அங்கே கவிழ்ந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான் ஓர் ஆசிரியன். அந்தச் செய்தியைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை.

இன்னொரு செய்தியும் நம் சிந்தனைக்குரியது. மோட்டார் பாதையில் நடந்து செல்பவனுக்கு இடமில்லை, சைக்கிளுக்கும் மாட்டு வண்டிக்கும் இடமில்லை, டிராக்டருக்கு இடமில்லை, சாதாரண மோட்டார் சைக்கிளுக்கும் இடமில்லை. பாதுகாப்புக்காக அவ்விதி தேவைதான். ஆனால் அதன் விளைவு யாது? ஷேர் ஷாவின் சாலை எவருடைய கால்களைக் கொண்டு அளக்கப்பட்டதோ, அவரே புதிய பாதையின் வேலிக்கு வெளியே நிற்கிறார்!

பழைய பாதையில் எஞ்சியோர்

அவர்கள் எங்கே சென்றனர்? எங்கும் செல்லவில்லை, பழைய பாதையிலேயே இருக்கின்றனர். கத்தி, கத்தரிக்கோல் செய்யும் வஸீராபாத்தின் பட்டறைக்காரர்கள், மின்விசிறியும் மண்பாண்டமும் செய்யும் குஜராத்தின் தொழிலாளர்கள், நெல் மூட்டைகளோடு கமோக்கிச் சந்தைக்கு வரும் உழவர்கள் ஆகிய எல்லாருக்கும் இன்றும் ஜி.டி. ரோடுதான் வழி. ஒரே மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமே செல்வதும் அதில்தான். வண்ண ஓவியங்கள் தீட்டிய லாரிகளின் ஓட்டுநர்கள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து தேநீர் அருந்துவதும் அதன் ஓரத்தில்தான். பெரிய பயணிகள் விலகிவிட்டனர். எளிய பயணிகள் எஞ்சியுள்ளனர். ஒருவகையில் அந்தச் சாலை தன் பழைய உரிமையாளர்களிடமே திரும்பி வந்துவிட்டது என்று கூறலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று எளியவனுக்காக மரம் நட்டார்கள், கிணறு வெட்டினார்கள். செல்வரும் ஆள்வோரும் அதே பாதையில் சென்றதால் எளியவனின் இன்னல் அவர்களுடைய கண்ணில் பட்டது. இன்று செல்வரின் பாதை வேறு, எளியவரின் பாதை வேறு. கண்ணில் படாதவனை மனம் எங்ஙனம் நினைக்கும்?

பெஷாவரைத் தாண்டி எல்லை நகரான தோர்க்கம் வரை செல்லும் அதே பெருவழியில் 2023-இன் பிற்பகுதியிலிருந்து இலட்சக்கணக்கான ஆப்கானியர் பாகிஸ்தானை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுள் பலர் பாகிஸ்தானிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கட்டிலும் பாத்திரமும் கோழிக் கூண்டும் ஏற்றிய லாரிகளின் மீது பெண்களும் குழந்தைகளும் அமர்ந்து சென்றனர். பாதையின் மகன் எங்கே என்று கேட்ட என் மாணவன் அந்தக் காட்சியைக் கண்டிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

புதியதன் அடியில் மிகப் பழையது

வரலாற்றில் ஒரு விந்தை! புதிய மோட்டார் பாதை புத்தம் புதிய வழியாகத் தோன்றினும், உண்மையில் அது ஷேர் ஷாவின் சாலையைவிடப் பழமையான ஒரு வழியைத் தொட்டுச் செல்கிறது. ஷேர் ஷாவுக்கு முன்னர் மேற்கிலிருந்து வந்தோர் உப்பு மலைத்தொடரைக் கடந்து, பேராவுக்கு அருகே ஜீலம் ஆற்றைக் கடப்பது வழக்கம். 1519-இல் பேராவுக்கு வந்த பாபர், கல்லர் கஹார் ஏரிக்கரையின் அழகில் மயங்கி அங்கே ஒரு தோட்டம் அமைத்தார். அவர் அமர்ந்ததாகக் கூறப்படும் கல்லிருக்கை 'தக்தே பாபரி' என்னும் பெயரோடு இன்றும் உள்ளது. பேராவில் ஷேர் ஷாவின் பெயரால் வழங்கும் பழைய பள்ளிவாசலும் உண்டு.

அதே மலைத்தொடரில் நந்தனா என்னும் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அல்பிரூனி அங்கேதான் மலையுச்சியில் நின்று, அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தை அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இக்கால அளவுக்கு மிக நெருங்கிய விடை அது! கணவாயைக் காக்கக் கட்டிய கோட்டையில் நின்று அவர் பூவுலகையே அளந்தார்.

ஆக, ஒரு காலத்தின் கைவிடப்பட்ட வழி மற்றொரு காலத்தின் பெருவழி ஆகிறது. இன்றைய பெருவழி நாளை கைவிடப்படும். அரசுகள் மாறும், பாதைகள் இடம் பெயரும், பெயர்கள் மறையும். பாதையில் ஒருவன் தாகத்தோடு வருவது மட்டும் மாறுவதில்லை.

பனி மூடும் இரவுகள்

ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் பஞ்சாபின் சமவெளியை அடர்ந்த மூடுபனி மறைத்துவிடும். இக்காலத்தில் அதனோடு புகையும் கலந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில் உள்ளதும் தெரியாது. அத்தகைய இரவுகளில் விபத்தைத் தவிர்க்க மோட்டார் பாதையின் வாயில்களைக் காவலர்கள் மூடிவிடுகின்றனர். அப்போது விலை உயர்ந்த கார்களும் சொகுசு பஸ்களும் எங்கே செல்கின்றன? பழைய ஜி.டி. ரோட்டுக்கே திரும்புகின்றன! லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் பின்னால் வரிசையில் மெல்ல ஊர்கின்றன. சாலையோரத்துத் தேநீர்க் கடையின் விளக்கொளி அன்றிரவு அவர்களுக்கும் வழிகாட்டுகிறது. அன்று ஓர் இரவாவது செல்வனும் எளியவனும் ஒரே பாதையின் மைந்தர் ஆகின்றனர்.

நம் அனைவருடைய வாழ்விலும் அத்தகைய ஒரு பனி இரவு வரும். விரைவுப் பாதை அடைபடும். பர்ஸ் தொலைந்துபோகும், அல்லது அறியாத ஊரில் நோய் வந்து படுக்க நேரும். அன்று நாமும் இப்னுஸ் ஸபீல்தான். இதனால்தான் இஸ்லாம் பயணியின் செல்வத்தை அளக்காமல், அவனுடைய நிலையை நோக்கி உரிமை வழங்குகிறது. அவனுக்குத் தொழுகையைச் சுருக்கித் தந்தது. நோன்பைத் தள்ளிவைக்க இடம் தந்தது. ஜகாத்தில் பங்கு தந்தது. பாதையில் கிடக்கும் இடையூறு ஒன்றை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். தேவைக்கு மிஞ்சிய நீர் தன்னிடம் இருந்தும் வழிப்போக்கனுக்கு மறுப்பவனை மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பார்க்க மாட்டான் என்று எச்சரித்தார்கள்.

மாணவனுக்கு விடை

இப்போது என் மாணவனுக்கு விடை கூறுகிறேன்.

மகனே, நம்மூர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகையின்போது கடைசி வரிசையில், சிமெண்டுத் தூசி படிந்த சட்டையோடு நிற்கும் வடநாட்டு இளைஞர்களை நீ கண்டிருப்பாய். அவர்களுள் பலர் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். ஷேர் ஷா வளர்ந்த மண்ணிலிருந்து, அவர் சாலை போட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள். மொழி தெரியாமல், உறவு இல்லாமல், கட்டட வேலையிலும் ஓட்டல் வேலையிலும் உழைக்கும் அவர்களிடம் நாம் ஒரு ஸலாத்திற்கு மேல் ஒரு சொல் பேசியிருக்கிறோமா? கூலி கிடைக்காமல், நோயுற்று, ஊர் திரும்ப வழியின்றித் தவிக்கும்போது அவர்களே பாதையின் மைந்தர்கள்.

நம் முன்னோர் ஊர்தோறும் முசாபர்கானா கட்டி வைத்தனர். அவற்றுள் எத்தனை இன்று பயணிக்குத் திறந்திருக்கின்றன? எத்தனை கடைகளாக வாடகைக்கு விடப்பட்டுள்ளன? நம் வீட்டுப் படியைத் தெருவுக்கு நீட்டும்போது, நடப்பவனின் வழியைக் குறைக்கிறோம் என்று ஒரு கணமேனும் எண்ணுகிறோமா? பயணத்தில் வரும் பெண்கள் ஒளுச் செய்யவும் தொழவும் சிறிது நேரம் அமரவும் சாலையோரப் பள்ளிவாசல்களில் ஓர் அறை உண்டா? ஜுபைதாவையும் ஜஹானாராவையும் பெருமையோடு நினைவு கூரும் நாம், அவர்களுடைய சகோதரிகளுக்கு ஒரு குழாயும் ஒரு பாயும் ஒரு கதவும் தரத் தயங்கலாமா?

ஆறு தடப் பாதை அமைப்பது அரசின் வேலை. ஒரு குடம் தண்ணீர் வைப்பது நம் வேலை. ஷேர் ஷாவின் பேரரசு அவர் மறைந்த பத்தாண்டுக்குள் சிதறிப்போயிற்று. அவர் வெட்டிய கிணற்று நீரை அருந்திய பயணிகளின் துஆ, இன்ஷா அல்லாஹ், அவரோடு இருக்கும். பயணியின் துஆ மறுக்கப்படுவதில்லை என்பதை நாம் அறிவோம் அல்லவா?

வல்ல நாயன் நம் அனைவரையும் பாதையில் இருப்போர்க்குப் பயன்படுவோராக ஆக்கி அருள்வானாக! நாம் பாதையில் நிற்கும் நாளில் நமக்கும் ஒரு கதவைத் திறந்து வைப்பானாக! ஆமீன்.